நெய்வேலியில் புதைந்த காடு

1930களில் நெய்வேலிப் பகுதியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கருநிறப் பொருள் ஒன்றும் வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட்.

சதுப்பு நிலத்தில் விழுந்த மரம் நீரில் மூழ்கிவிட்டால் காற்று படாது. முழுதாக மக்கவும் செய்யாது. மேலே மண் படியப் படிய, அழுத்தத்திலும் வெப்பத்திலும் அதன் ஈரம் வெளியேறி, கரியின் பங்கு கூடும். ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரிக்கு வயது 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நெய்வேலிக் கரி அதற்கு வெகு இளையது. கட்டியைக் கையில் எடுத்தால் சிலவற்றில் மரத்தின் வரிகூடத் தெரியும். எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். எரித்தால் கிடைக்கும் வெப்பமும் குறைவு. தொலைதூரம் ஏற்றிப்போனால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் வாடகை! அதனால்தான் சுரங்கத்தின் பக்கத்திலேயே அனல்மின் நிலையங்கள். குவித்து வைத்த கரி தானாகவே தீப்பற்றும் என்பதால், கண்காணிப்பும் தேவை.

இன்னொரு சிக்கல், கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர். அதை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வரும். கரி எடுப்பதைவிடத் தண்ணீர் இறைப்பதே பெரிய வேலை என்று சொன்னாலும் தகும்.

1957இல் தொடங்கிய சுரங்கப் பணியில், 1961 ஆகஸ்டில் கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே அங்கு மின்சாரம் உற்பத்தியானது.