சூழலறிந்து விற்றல்

உழவன் நெல்லை விளைத்துவிட்ட அளவில் அவன் தொழில் முடிந்துவிடுவதில்லை. விளைந்த பொருள் வேண்டுவார் கையைச் சேர்ந்து, அதற்குரிய விலை அவன் கைக்கு வரும்பொழுதே அவன் உழைப்பு நிறைவு பெறுகிறது. பொருளை ஆக்குவது ஒரு கலை. ஆக்கிய பொருளை விற்பது மற்றொரு கலை. இவ்விரண்டாம் கலையை இக்காலத்தார் சந்தைப்படுத்துதல் என்பர். எதனை விற்பது, என்ன விலைக்கு விற்பது, எங்கே விற்பது, அதன் சிறப்பை வாங்குவோர்க்கு எவ்வாறு உணர்த்துவது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை காண்பதே அக்கலையாகும்.

இவ்விடைகளை வாணிகன் தன் விருப்பம்போல் வகுத்துக்கொள்ள இயலுமோ? இயலாது. மழை அவனைக் கேட்டுப் பெய்வதில்லை. அரசு அவனைக் கேட்டு வரி விதிப்பதில்லை. அண்டைக் கடைக்காரர் அவனைக் கேட்டு விலையைக் குறைப்பதில்லை. மக்களின் சுவையும் பழக்கமும் அவன் ஆணைக்கு அடங்குவன அல்ல. இவை யாவும் சேர்ந்ததே வாணிகத்தின் புறச்சூழல். கலம் செலுத்துவோன் காற்றை உண்டாக்க மாட்டான். ஆயினும், காற்றின் போக்கறிந்து பாய் விரிப்பான். வாணிகன் செய்யத்தக்கதும் அதுவே.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை அரசனை நோக்கிக் கூறப்பட்டவை. எனினும், சந்தையில் நிற்கும் வாணிகனுக்கும் அவை பொருந்துவனவாம். அவை பொருந்துமாற்றைப் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் இரு பொருள்களைக் கொண்டு காண்போம்.

இவ்விரு பகுதிகளும் முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1995-ஆம் ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து சிலகாலம் பிரிந்து மீண்டும் இணைந்த அரியலூர், 2007-ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக விளங்குகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் நிலத்தைக் கடல் மூடியிருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்டுக்கு மூலப்பொருளாயிற்று. பெரம்பலூர் மாவட்டத்திலோ செட்டிகுளம் முதலிய ஊர்களில் சின்ன வெங்காயம் மிகுதியாக விளைகிறது. ஒன்று கல்லிற் பிறப்பது. மற்றொன்று மண்ணில் விளைவது. முதலில் சிமெண்டை நோக்குவோம்.

1982-ஆம் ஆண்டுக்கு முன்னர்ச் சிமெண்டின் விலையையும் பங்கீட்டையும் அரசே வரையறுத்தது. தட்டுப்பாடு மிகுந்திருந்த அக்காலத்தில், வீடு கட்ட விழைந்தோர் விண்ணப்பித்துப் பெர்மிட்டு பெற்றுக் காத்திருந்தனர். வாங்குவோர் விற்போரைத் தேடி அலைந்தமையால், விற்போர்க்குத் தம் பொருளைப் புகழ்ந்துரைக்க வேண்டிய தேவையே இல்லை. 1982-இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1989-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முற்றும் நீங்கியது. அன்று முதல் நிலைமை தலைகீழாயிற்று. ஆலைகள் பெருகின. அரியலூரில் 1979 முதல் இயங்கிவந்த அரசு சிமெண்டு ஆலையோடு, தனியார் ஆலைகள் பலவும் அவ்வட்டாரத்தில் எழுந்தன. விற்போர் வாங்குவோரைத் தேடலாயினர். ஊர்ச் சுவர்களில் சிமெண்டின் பெயர்கள் வண்ண எழுத்துகளில் மிளிர்ந்தன. வீட்டுக்காரர் கொத்தனாரின் சொல்லை நம்பியே சிமெண்டு வாங்குவார் என்பதை உணர்ந்த நிறுவனங்கள், கொத்தனார்களை அழைத்துக் கூட்டங்கள் நடத்தின. சிமெண்டு மாறவில்லை, சட்டம் மாறிற்று, அதனால் விற்கும் முறை மாறிற்று.

சட்டத்தைப் போலவே இடமும் விற்பனையை வகுக்கிறது. சிமெண்டு எடை மிக்கது. எடையை நோக்க விலை குறைந்தது. ஆகவே, தொலைவு மிகமிக வண்டிக் கூலியே ஊதியத்தை விழுங்கிவிடும். ஆலை சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடத்தருகே அமைதலும், சிமெண்டு அண்டைப் பகுதிகளிலேயே பெரிதும் விற்பனையாதலும் இதனாலேயாம். விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை அரியலூர் வழியே செல்வது அவ்வூர் ஆலைகளுக்குப் பெருந்துணை.

காலமும் அவ்வாறே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் கட்டட வேலை தளரும். தை பிறந்தபின் மனைகோலுவோர் மிகுவர். சிமெண்டை நெடுநாள் அடுக்கி வைத்தால் ஈரம் பட்டு அதன் வலிமை குன்றும். ஆதலின் மழைக்காலத்திற்கு முன் எத்துணை மூட்டை இருப்பு வைப்பது என்பதையும் கடைக்காரர் வானத்தை நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். வரியும் விலையை அசைக்கும். 2017-ஆம் ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரி வந்தபொழுது சிமெண்டுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அரசே போட்டியாளராகவும் வருதல் உண்டு. எளியோர் வீடு கட்டுதற்பொருட்டு 2015-இல் மூட்டை 190 ரூபாய் விலையில் அம்மா சிமெண்டும், 2021-இல் வலிமை என்னும் பெயரில் மற்றொரு சிமெண்டும் தமிழ்நாட்டில் விற்பனைக்கு வந்தன.

இனிச் சின்ன வெங்காயத்தைக் காண்போம். சிமெண்டு ஆலைக்குப் பொருள்வலி உண்டு. விலை வீழ்ந்தால் உற்பத்தியைக் குறைத்துக் காத்திருக்கும். வெங்காய உழவர்க்கு அவ்வலி இல்லை. நட்டு ஏறக்குறைய மூன்று திங்களில் காய் முற்றிவிடும். அறுவடைக் காலத்தில் மழை பிடித்தால் காய் அழுகும். எல்லார் விளைவும் ஒருசேரச் சந்தைக்கு வந்தால் விலை சரியும். இச்சூழலை நன்குணர்ந்த இவ்வட்டார உழவர், வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காக்கும் முறையைக் கைக்கொண்டுள்ளனர். தரையினின்று உயர்த்தித் தளம் அமைத்து, காற்றுப் புகுமாறு பக்கங்களில் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்து, உலர்ந்த வெங்காயத்தை அதனுள் சேமிப்பர். விலை உயரும்வரை சில திங்கள் காத்து, பின்னரே விற்பர். விதைக்கு வேண்டுவதும் அதனுள்ளேயே இருக்கும். காலமறிதலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எனினும், பட்டறையால் தடுக்க இயலாத சூழலும் உண்டு. சின்ன வெங்காயம் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்கும் செல்கிறது. தமிழர் வாழுமிடத்தில் சாம்பார் மணக்க அது வேண்டும். வட இந்திய நகரங்களில் பெருவெங்காயத்தின் விலை ஏறியபொழுது, மக்கள் துயர் தணிக்க நடுவணரசு 2019, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2023 டிசம்பரில் விதித்த தடை 2024 மே திங்களிலேயே நீங்கியது. வடபுலத்தார் பெரிதும் உண்ணாத சின்ன வெங்காயமும் இத்தடைகளுக்குள் அகப்பட்டது. அதனைத் தனிவகையாகக் கருதித் தனிக் குறியீடு வழங்க வேண்டும் என்று தமிழ்நாட்டு உழவர் கேட்டு வந்துள்ளனர். நெடுந்தொலைவில் இடப்பட்ட ஓர் ஆணை செட்டிகுளத்துப் பட்டறையின் மதிப்பைக் குறைக்க வல்லது என்பதை இதனால் அறிகிறோம்.

கடன்பட்ட உழவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பொறுத்திருந்தால் விலை ஏறும் என்பதை அவர் அறிவார். ஆனால் கடன் கொடுத்தவர் பொறுத்திரார். ஆதலால் அறுத்த அன்றே, வந்த விலைக்கு விற்றுவிடுகிறார். காலம் அறிந்திருந்தும் வலி இன்மையால் அவ்வறிவு பயன்படாது போகிறது. இதற்கு மருந்து ஒன்றுகூடுதலே. தனித்து வலியில்லாதவர் பலராய்ச் சேர்ந்தால் வலியுடையவராவர். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களும், 1999-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற உழவர் சந்தைகளும் இந்நோக்கத்திற்கு உதவுவன.

மாணவர்களே! சூழல் வாணிகத்தை மாற்றுவதுபோல, வாணிகமும் சூழலை மாற்றுகிறது என்பதையும் நீங்கள் மறத்தலாகாது. அரியலூர்ச் சாலைகளில் ஓயாது செல்லும் கல் லாரிகளும், அவை எழுப்பும் புழுதியும், தோண்டி விட்ட பள்ளங்களும் அங்கு வாழ்வார்க்குத் துன்பம் தருவன. ஊரார் வருந்த நெடுநாள் நடக்கும் தொழில் இல்லை. வள்ளுவர் வாணிகர்க்குரிய நெறியை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தமையும் நாம் எண்ணி மகிழத்தக்கது. வலியும் காலமும் இடமும் அறிந்து விற்பவன் ஊதியம் பெறுவான். அவற்றோடு நடுவுநிலையும் பிறழாதவன் ஊதியத்தோடு ஊராரின் நம்பிக்கையையும் பெறுவான். சந்தை எத்துணை மாறினும் குன்றாத முதல் அந்நம்பிக்கையே ஆகும்.