கடைசியா டிடி ஊசி எப்போ போட்டீங்க? பில்லிலும் சீட்டிலும் பார்க்க வேண்டியது என்ன?

காலில் கருவேல முள் ஏறினாலும் சரி, ஜல்லிக்கட்டில் மாடு முட்டினாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கடைசியா டிடி ஊசி எப்போ போட்டீங்க?" புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் இதற்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் குறைவு. ஞாபகம் இல்லை என்றால் இன்னொரு ஊசிதான்.

இதில் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 10 வருஷம் ஆகாதவரை மறுபடியும் போடத் தேவையில்லை. மண், சாணம் பட்ட காயம் அல்லது ஆழமான காயம் என்றால் அந்தக் கணக்கு 5 வருஷம். இரண்டுமே சின்ன வயதில் தடுப்பூசி முழுசாகப் போட்டவர்களுக்கான கணக்கு.

போட்டோமா இல்லையா என்றே தெரியாதவர்களுக்கு, அழுக்கான காயத்தில் டிடி-யோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் தேவைப்படும். தனியாரில் இதன் விலை டிடி ஊசியைவிடப் பல மடங்கு அதிகம். அதாவது, பத்திரமாக வைத்திருக்க வேண்டிய ஒரு சீட்டு இல்லாததற்குத் தனியாகப் பணம் கட்டுகிறோம். தேவையில்லாமல் அடிக்கடி டிடி போட்டால் கை வீங்கி நன்றாக வலிக்கவும் செய்யும்.

பேரு ஒண்ணு, ஊசி வேற

பழைய டிடி ஊசி ரண ஜன்னியை மட்டும் தடுப்பது. இப்போது அரசு மையங்களில் போடும் டிடி, ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு, தமிழில் சொன்னால் இரண்டும் 'டிடி'தான். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழையதை விட்டுப் புதியதுக்கு மாறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே சொன்னது. குழந்தையில் போட்ட தடுப்பூசியின் பலம் வயது ஏற ஏறக் குறையும் என்பதே காரணம். 2016-ல் கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் பரவியபோது வளரிளம் பருவத்தினரும் பாதிக்கப்பட்டார்கள்.

மூன்றாவது ஊசி 'டிடாப்'. இது கக்குவான் இருமலையும் தடுக்கும். அரசு அட்டவணையில் பதின்வயதினருக்கு இது கிடையாது, தனியாரில்தான். விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். 10 வயது, 16 வயதுக்கான டிடி பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசம். எனவே பில்லில் வெறும் 'டிடி ஊசி' என்று எழுதி ஆயிரக்கணக்கில் தொகை இருந்தால், எந்த ஊசி என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

பில்லில் எது நியாயம்?

கொரோனா பூஸ்டர் ஒரு நல்ல உதாரணம். 2022 ஏப்ரல் 10 முதல் 18 வயது தாண்டியவர்களுக்குத் தனியாரில் பூஸ்டர் போட அனுமதித்தபோது, மருந்து 225 ரூபாய், அதற்கு 5% ஜிஎஸ்டி, சேவைக் கட்டணம் அதிகபட்சம் 150 ரூபாய் என்று கணக்கு தெளிவாக இருந்தது. மொத்தம் சுமார் 386 ரூபாய். இதற்கு மேல் வாங்கினால் யாரும் தட்டிக் கேட்கலாம். அதே வருஷம் ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு அரசு மையங்களில் அதுவே இலவசமானது.

மற்ற பூஸ்டர்களுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. ஆலோசனைக் கட்டணம், ஊசி போடும் கட்டணம் எல்லாம் அந்தந்த கிளினிக் வைப்பதுதான். ஆனால் மருந்துக்கு எம்.ஆர்.பி. இருக்கிறது. அதிலேயே வரி அடக்கம். அதற்கு மேல் தனியாக ஜிஎஸ்டி போட முடியாது. மருந்து விலை, ஊசிக் கட்டணம், டாக்டர் ஃபீஸ் மூன்றையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே வரியில் மொத்தமாகப் போட்டால் எம்.ஆர்.பி. மீறியதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. மீறியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காப்பீடு கைகொடுக்குமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கொடுத்து தடுப்பூசி போட முடியாது. அது முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. தனியார் பாலிசிகளிலும் தடுப்பூசிச் செலவு பொதுவாக வராது. சிலவற்றில் நாய்க்கடிக்கான ஊசிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதைக் கேட்க பில்லும் டாக்டர் சீட்டும் சேர்ந்தே வேண்டும்.

பில் வேறு, சான்று வேறு

பணம் கட்டியதற்குத்தான் பில் ஆதாரம். ஊசி போட்டதற்கு ஆதாரம் வேறு. மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி, போட்ட நாள், டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் ஒரே தாளில் இருந்தால் வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ கேட்கும்போது அலைய வேண்டாம். மருந்து பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளை ஒரு போட்டோ எடுத்து வைத்தாலும் உதவும்.

ஆஸ்பத்திரியில் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம். மருத்துவர்களுக்கான 2002 விதிகள் மூன்று வருஷம் ஆவணம் வைத்திருக்கச் சொல்வது உள்நோயாளிகளுக்குத்தான். ஊசி போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிறவர் வெளிநோயாளி.

குழந்தைகளுக்கு மத்திய அரசின் யூ-வின் தளம் இருக்கிறது. கர்ப்பிணிகள், பிறந்த குழந்தை முதல் 16 வயது வரை போடும் தடுப்பூசிகள் செல்போன் எண்ணில் பதிவாகி, டிஜிட்டல் சான்றும் கிடைக்கும். கோவின் சான்று கொரோனாவுக்கு மட்டும். 16 தாண்டியவர்களின் டிடி-க்கு இப்போதும் காகிதம்தான் கதி.

பள்ளியில் ஊசி போட்ட அன்றே தேதியைக் கேட்டு, பிள்ளையின் பழைய தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிவிடலாம். அட்டை தொலைந்திருந்தால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட வருஷமும் பள்ளியின் பெயரும் சொன்னால் தேடுவது சுலபம்.