முயல் பாதத்தில் மெத்தை இல்லை, தெரியுமா?

நாய்க்கு உண்டு, பூனைக்கு உண்டு. பாதத்துக்கு அடியில் மெத்துமெத்தென்று ஒரு சதைத் திண்டு. முயலுக்கு? கிடையவே கிடையாது! ரோமம், அதற்கு உள்ளே மெல்லிய தோல், அதற்கும் உள்ளே எலும்பு. அவ்வளவுதான் அதன் செருப்பு.

ரோமம் தேய்ந்தால் என்ன ஆகும்? முதலில் குதிகால் பக்கம் வட்டமாக வழுக்கை விழும். தோல் சிவக்கும், காய்ந்து பொருக்குத் தட்டும், பிறகு வெடித்துப் புண்ணாகும். விட்டுவிட்டால் எலும்புவரை போய்விடும். முயல் கத்தாது, முனகாது. எல்லாரும் வேட்டையாடும் பிராணி அது. வலியைக் காட்டினால் உயிர் போகும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஓரமாக உட்கார்ந்து காலை மாற்றி மாற்றி ஊன்றும், தீனியைக் குறைக்கும். அதுதான் அதன் புகார் மனு!

முயலின் சீழ் வழியாது, தெரியுமா? தயிர்க்கட்டி போலக் கெட்டியாக உள்ளேயே உறைந்து நிற்கும். அதனால் பிதுக்கிப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

1919இல் பிரான்சில் தோன்றிய ரெக்ஸ் இனத்துக்கு வெல்வெட் போன்ற ரோமம். கையால் தடவ அத்தனை சுகம்! ஆனால் காவலாக நிற்கவேண்டிய முரட்டு ரோமம் அதற்குக் குட்டை. அதனால் பாதப் புண் அதற்கே அதிகம். அழகுக்குக் கொடுக்கும் விலை.

காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புச் செம்மண்ணில் முயலை விட்டால் குழி பறித்துக் குதூகலிக்கும். நாமோ கம்பிக் கூண்டில் வைக்கிறோம். உடம்பின் பாரம் முழுதும் கம்பி மேல்! கூண்டில் பாதி இடத்துக்காவது வழவழப்பான பலகை போட்டு, மேலே காய்ந்த வைக்கோலைத் தாராளமாகப் பரப்புங்கள். மூத்திரத்தில் நனைந்ததை அன்றன்றே மாற்றுங்கள். ஈரம்தான் பெரிய எதிரி. நகம் நீண்டிருந்தால் விரல் தூக்கிக்கொள்ளும், பாரமெல்லாம் குதிகாலுக்குப் போகும், வெட்டிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று முந்திரி ஓட்டைப் படுக்கையாக்கிவிடாதீர்கள். உடைப்பவர் கையையே பொத்துப்போக வைக்கும் எண்ணெய் அதில் இருக்கிறது.

புண்ணை எப்படி ஆற்றுவது? வெதுவெதுப்பான உப்புநீரில் மெல்லக் கழுவி, ஒற்றி, நன்றாக உலரவிடுங்கள். தேய்க்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் பூசினால் ரோமம் ஒட்டிக்கொள்ளும், முயல் நக்கியும் தின்னும். வீட்டு அலமாரியில் இருக்கும் ஸ்டீராய்டு களிம்பு அறவே வேண்டாம். நாம் சர்வசாதாரணமாக விழுங்கும் அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்தால், அதன் குடலில் உள்ள நல்ல கிருமிகள் மடிந்து முயலே செத்துப்போகலாம்!

இன்னொன்று: காது ஓரம், மூக்கு, பாதம் மூன்றிலும் வெள்ளைப் பொருக்கா? அது தேய்மானம் அல்ல, சொறி உண்ணியாக இருக்கலாம். நமக்கும் அரிப்பு தொற்றும். அதற்கு ஐவர்மெக்டின் உண்டு, அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்லவேண்டும். ரோமம் மட்டும் உதிர்ந்திருந்தால் தரையை மாற்றியே பார்த்துக்கொள்ளலாம். தோல் பிளந்தாலோ வீங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரி.

தூக்கிப்போகும்போது பின்பக்கத்தைக் கட்டாயம் தாங்கிப் பிடியுங்கள். ஏன் தெரியுமா? பயந்து உதைத்தால் அந்த உதையின் வேகத்திலேயே தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும்!