மகளின் கட்டுரை, அப்பாவின் பெயர்

ஆய்வேடு எழுதியவர்களைக் கேட்டால் தெரியும், கடைசி வாரம் முழுக்கத் துணைநூற்பட்டியலோடுதான் போகும். ஆண்டு அடைப்புக்குறிக்குள்ளா வெளியிலா, நூற்பெயர் சாய்வெழுத்திலா என்று முந்நூறு பதிவுகளைக் கையால் திருத்தி முடித்திருப்போம். அப்போதுதான் நெறியாளர், “ஏபிஏ மேற்கோள் பாணி வேண்டாம், எம்எல்ஏ பாணியில் கொடுங்கள்” என்பார்.

இந்தப் பாட்டைத் தாங்க வந்தவைதான் எண்ட்நோட், மெண்டலே, ஜொடேரோ முதலிய மென்பொருள்கள். ஜொடேரோ 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் வந்து உட்காரும். வேர்டில் எழுதிக்கொண்டே வேண்டிய இடத்தில் மேற்கோளைச் செருகலாம். கடைசியில் பட்டியலைச் சேர்த்துவிட்டால், செருகச் செருக அது தானே வளரும். தகவல் ஓரிடத்திலும் வடிவ விதி வேறிடத்திலும் இருப்பதால், பாணியை மாற்றியதும் மொத்தப் பட்டியலும் மாறிவிடும். இப்படி எழுதி வைத்த பாணிகள் 10,000-க்கு மேல் இருக்கின்றன.

ஆனால் கட்டத்தில் இருப்பதை அடுக்கத்தான் அதற்குத் தெரியும். ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பெயரில் சீர்காழி ஊர், ராமாமிர்தம் அப்பா, ரங்கநாதன்தான் அவர். தலைப்பெழுத்துகள் முன்னால் நிற்பதால் ‘ரங்கநாதன், எஸ்.ஆர்.’ என்று சரியாகவே வந்துவிடும். ஆனால் அப்பா பெயரைப் பின்னால் எழுதும் ஆய்வாளர் ஒருவர், கயல்விழி முருகேசன் என்று வைத்துக்கொள்வோம், பட்டியலில் ‘முருகேசன், க.’ ஆகிவிடுகிறார். உழைத்தது மகள், பெயர் அப்பாவுக்கு!

குடும்பப்பெயர், முதற்பெயர் என்ற இரண்டு கட்டங்களிலும் உள்ள பெயர்களை இடம் மாற்றினால் ‘கயல்விழி, மு.’ என்று வரும். ஜொடேரோவில் இரண்டையும் ஒரே கட்டமாக்கிப் பெயரை அப்படியே விடவும் வழி உண்டு. எதைச் செய்யுமுன்னும் அவருடைய மற்றக் கட்டுரைகளைப் பாருங்கள். அவரே முருகேசன் என்று குறிப்பிட்டுக்கொண்டால் திருத்த நமக்கு உரிமை இல்லை.

பழைய தமிழ் நூல்கள் பலவற்றுக்கு, விவரங்களைத் தானாகத் தேடியெடுக்க உதவும் ஐஎஸ்பிஎன் எண் கிடையாது. அவற்றைப் பெரும்பாலும் கையால்தான் உள்ளிட வேண்டும். பதிப்பாண்டை நூலின் உள்பக்கத்தைப் பார்த்தே எழுதுங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் மென்பொருளுடனான மேற்கோள் இணைப்புகளைத் துண்டிப்பதென்றால், துண்டிக்காத நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நெறியாளர் மறுபடியும் பாணியை மாற்றச் சொல்லலாம்.