பரீட்சை இருக்கிறது, வகுப்புதான் இல்லை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதத் தமிழ்நாட்டில் குறைந்தபட்ச வயது உண்டு. அதிகபட்ச வயது கிடையாது. பதினாலரை வயது நிரம்பியிருந்தால் தனித்தேர்வராக எழுதலாம். முப்பதிலும் எழுதலாம், அறுபதிலும் எழுதலாம். ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டிக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், "இனிமே எங்கங்க படிக்கிறது, வயசாயிடுச்சே" என்பார்கள். அப்படிச் சொல்பவருக்கு இருபத்தாறு வயதுகூட இருக்காது.

கல்வராயன் மலைக்குக் கல்வி தாமதமாகத்தான் ஏறி வந்தது. 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு சுதந்திரமடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அதற்கு முன் அங்கே பிறந்த மலையாளிப் பழங்குடியினருக்குப் பள்ளிக்கூடம் என்பது கேள்விப்பட்ட சங்கதி. பிறகு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன, வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரிப் பள்ளி வந்தது. 2025-இல் மலையின் சேலம் பக்கமுள்ள கருமந்துறையைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர் ஐஐடியில் இடம்பிடித்தபோது எல்லா நாளிதழ்களும் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்று, மரவள்ளிக் காட்டுக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் போய்விட்ட அவருடைய அண்ணன், அக்கா வயதுக்காரர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று பேச்சு போனது. பள்ளியை விட்டு வந்து வயதாகிவிட்டவர்கள் அந்தப் பேச்சிலும் ஓரத்தில்தான் நின்றார்கள்.

சட்டமும் அவர்களை ஓரத்தில்தான் வைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலானவர்களுக்கு மட்டுமே. அதைத் தாண்டியவருக்குத் தேர்வு எழுத அனுமதி உண்டு. சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கும் உரிமை இல்லை. இந்த இடைவெளியில்தான் ஏமாற்றுக்காரர்கள் கடை விரிக்கிறார்கள்.

சான்றிதழால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போக்குவரத்து வாகன ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதி 2019-இலேயே போய்விட்டது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தலில் நிற்கவும் படிப்புத் தகுதி தேவையில்லை. இவற்றுக்காக யாராவது சான்றிதழ் விற்க வந்தால் துரத்திவிடுங்கள். ஆனால் பாஸ்போர்ட் விஷயம் வேறு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையில் சேரும். சவூதி, கத்தார், குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும். அது ஏமாறாமல் இருக்க அரசு போட்ட வேலிதான். அந்த வேலியைத் தாண்ட "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று முகவர் சொல்வதைக் கேட்டுப் போனவர்கள்தான் பாலைவனத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். அடுத்தது அஞ்சல் துறையின் கிராமிய அஞ்சல் ஊழியர் வேலை. எழுத்துத் தேர்வே கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மட்டும் ஆள் எடுக்கிறார்கள். 40 வயது வரை விண்ணப்பிக்கலாம், பழங்குடியினருக்கு மேலும் ஐந்து ஆண்டு சலுகை. மலைக்கிராமத்துக் கிளை அஞ்சலகத்துக்கு மலைக்காரரே வந்தால் நல்லதுதானே?

இனி வழிகள். முதல் வழி, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் அதே எஸ்.எஸ்.எல்.சி தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. ஐந்தாவதோடு நின்றவருக்கு அதற்கு முன்படியாக எட்டாம் வகுப்புக்கான ஈ.எஸ்.எல்.சி தனித்தேர்வு இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிரம்பினால் போதும். விண்ணப்பத்தை அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையங்களில்தான் பதிய வேண்டும். எந்தப் பள்ளியில் சேவை மையம் இருக்கிறது என்பதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சில நூறு ரூபாயில் முடிகிற செலவு.

பலரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு: அறிவியல் செய்முறை. அறிவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. தனித்தேர்வரும் முன்கூட்டியே பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு விடுவார்கள். பதிவு அறிவிப்பு கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தேர்வு மார்ச்சில்தானே என்று பொங்கல் கழித்து விசாரிக்கப் போனால் அந்த ஆண்டு போனதுதான். தேர்ச்சிக்கு ஒவ்வொரு பாடத்திலும் 35 மதிப்பெண்; அறிவியலில் எழுத்தில் 20, செய்முறையில் 15 தனித்தனியாக எடுத்தாக வேண்டும். தவறிய பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் மறுபடி எழுதலாம். மாற்றுத்திறனாளிகளுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே மருத்துவச் சான்றோடு கேட்க வேண்டும்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்த பழைய டி.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் பெயர் 'சி. சின்னப்பொண்ணு' என்றிருக்கும். ஆதாரில் 'சின்னபொன்னு' என்று ஒற்றுப் போய், தகப்பன் பெயரின் முன்னெழுத்துக்குப் பதில் கணவர் பெயரின் முன்னெழுத்து ஒட்டியிருக்கும். பிறந்த தேதி டி.சி.யில் ஆசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட ஜூன் மாதம். ஆதாரில் ஜனவரி 1. பள்ளியில் சேர்த்தபோது யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறும் பெயரும் தேதியும்தான் இனி வாழ்நாள் முழுவதும் உங்கள் பெயரும் தேதியும். ஏறிய பிறகு திருத்துவது நீதிமன்றம் வரை இழுத்துவிடும். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள். பிறப்பே பதிவாகாதவர்கள் தாமதப் பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை பெற வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தருவதும் அதே அலுவலகம்தான். ஒரே அலைச்சலில் இரண்டையும் கேட்டுவிடலாம். கட்டண பாக்கியைக் காட்டித் தனியார் பள்ளி டி.சி.யைப் பிடித்து வைத்திருந்தால், அது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருப்பதை நினைவுபடுத்துங்கள்.

இரண்டாவது வழி, மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி. 1989-இல் தொடங்கிய இந்த நிறுவனத்தைப் பலர் என்.ஐ.ஓ.எஸ் என்றே சொல்கிறார்கள். 14 வயது நிரம்பினால் சேரலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுகள் செல்லும், ஒன்பது முறை தேர்வு வாய்ப்பு. ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு. ஒரு பருவத்தில் இரண்டு பாடம், அடுத்த பருவத்தில் ஒன்று என்று மெதுவாக முடிக்கலாம். அறுவடைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நடுவில் படிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. தமிழ்வழியிலும் உண்டு. ஆனால் பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. கணக்கு கடினம் என்று அதை விட்டுவிட்டு வேறு ஐந்து பாடத்தில் தேறினாலும் சான்றிதழ் வரும். ஆனால் மேலே சொன்ன அஞ்சல் வேலைக்குக் கணக்கும் ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும், உள்ளூர் மொழி படித்திருக்க வேண்டும். எந்த வேலைக்காகப் படிக்கிறீர்களோ அந்த வேலையின் அறிவிப்பை முதலில் படித்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். எட்டாவது முடித்து ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுத் தொழிற்பிரிவில் தேறியவர், பத்தாம் வகுப்பின் மொழிப்பாடத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் அது பத்தாம் வகுப்புக்கு இணை. கணக்கும் அறிவியலும் தனியாக எழுத வேண்டாம். கையில் ஒரு தொழிலும் இருக்கும். அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. மலையிலேயே கருமந்துறையில் பழங்குடியினருக்கான அரசு ஐ.டி.ஐ இருக்கிறது.

சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. தனித்தேர்வராக எழுதிய தேர்வு அந்த ஒதுக்கீட்டுக்குக் கணக்கில் வராது. தமிழிலேயே எழுதியிருந்தாலும் வராது. இது நியாயமல்ல என்பது என் கருத்து. ஆனால் விதி இப்போது அதுதான். சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டை இது தொடாது. இன்னொன்று, பத்தும் பன்னிரண்டும் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கிவிடலாம் என்ற ஆசை காட்டல். தமிழ்நாடு அரசு 2009-இல் போட்ட அரசாணைப்படி, பத்தும் பன்னிரண்டும் முறையாகத் தேறிய பின் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசு வேலைக்குச் செல்லும். அடித்தளம் போடாமல் மாடி கட்டிய பலர் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் இதைக் கேள்விப்பட்டார்கள்.

ஏமாற்று வேலைகளுக்கு வருவோம். பேச்சு எப்படித் தொடங்கும் என்று தெரிந்தால் பாதித் தற்காப்பு ஆகிவிட்டது. "அக்கா, நீங்க பரீட்சைக்கே வர வேணாம். டி.சி ஒரிஜினலும் ஆதாரும் குடுங்க, மூணு மாசத்துல டென்த் சர்ட்டிபிகேட் கைக்கு வந்துரும். அட்வான்ஸ் மட்டும் இப்ப." இந்த ஒரு பேச்சிலேயே மூன்று குற்றங்கள் ஒளிந்திருக்கின்றன: இல்லாத வாரியத்தின் பெயரில் அச்சடித்த சான்றிதழ், ஆள்மாறாட்டம், உங்கள் அசல் ஆவணங்களைப் பிணையாகப் பிடித்துவைத்துப் பிறகு கூடுதல் பணம் கேட்பது. மூன்று மாதத்தில் பத்தாம் வகுப்பு தருகிற வாரியம் இந்தியாவில் எதுவுமில்லை. போலிச் சான்றிதழைக் கொடுத்தவர் மட்டுமல்ல, போலி என்று தெரிந்தே வேலைக்குக் காட்டியவரும் குற்றவாளி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 336 முதல் 340 வரையிலான பிரிவுகள் போலி ஆவணம் தயாரிப்பதையும் அதை உண்மையானதெனப் பயன்படுத்துவதையும் தண்டிக்கின்றன. பத்தாண்டு வேலை பார்த்த பிறகுகூடச் சரிபார்ப்பில் பிடிபட்டு வேலை போகும்.

நல்ல டுடோரியல்களும் இருக்கின்றன. சேருமுன் செய்ய வேண்டியது எளிது. அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். பணத்துக்கு ரசீது வாங்குங்கள், ரசீது தராதவரிடம் பணம் தராதீர்கள். உங்கள் விண்ணப்ப எண்ணை நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுத் துறையின் தளத்தில் அதைப் போட்டால் பதிவு நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். என்.ஐ.ஓ.எஸ் மையம் என்று பலகை தொங்கினால், அந்த மையத்தின் பெயர் நிறுவனத்தின் தளத்திலுள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். ஏமாற்றுக்காரர்களின் முதலீடே அந்த வெட்கம்தான். மோசடிக்குக் காவல் நிலையத்தில் புகார், பணம் இணையவழியில் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண். பயிற்சி தருவதாகச் சொல்லித் தராத டுடோரியல் மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரண்டாண்டுக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மதிப்பெண் பட்டியலில் தேர்வுத் துறையே செய்த பிழைக்கு நுகர்வோர் ஆணையம் உதவாது. தேர்வு நடத்தும் வாரியம் சேவை விற்பவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு முதலில் துறையிடமே மனு, பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேள்வி, கடைசியாக உயர் நீதிமன்றம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் வழக்கறிஞரை இலவசமாகத் தரும் கடமை சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு உண்டு. எண் 15100.

படிப்பை விட்ட பெரியவர்களுக்கென்று தனி ஏற்பாடு செய்வது புதிதல்ல. அமெரிக்காவில் 1942-இல், படிப்பை விட்டுப் போருக்குப் போன சிப்பாய்களுக்காக ஜி.இ.டி என்ற இணைத்தேர்வு தொடங்கப்பட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் எழுத்தறிவு இயக்கம் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு விடுமுறை நாட்களில் வகுப்பு வைத்துப் பத்தாம் வகுப்பு இணைத்தேர்வு நடத்துகிறது. நம் ஊரிலும் ஓரிடத்தில் இது நடக்கிறது: புழல் உள்ளிட்ட மத்திய சிறைகளில். அங்கே ஆசிரியர் ஏற்பாடு செய்து, பாடம் நடத்தி, உள்ளேயே தேர்வு மையமும் வைக்கிறார்கள். கைதிக்குச் செய்ய முடிந்தது கல்வராயன் மலைக் கரியாலூர்க்காரருக்கு ஏன் முடியாது? உண்டு உறைவிடப் பள்ளிகளில் கட்டடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அந்த வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன.

எனவே இந்தக் கட்டுரையைப் படித்து முடிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமைதோறும் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. உங்கள் ஊரில் பத்தாவது எழுத விரும்பும் பெரியவர்கள் பத்துப் பேரின் கையெழுத்தோடு அங்கே போய், உண்டு உறைவிடப் பள்ளியில் எங்களுக்கு ஞாயிறு வகுப்பு வேண்டும் என்று மனுக் கொடுங்கள். மனு ஏற்புச் சீட்டை மறக்காமல் வாங்கி வாருங்கள்.