ஆட்டக் களமும் நச்சுக் காற்றும்

கிரிக்கெட் ஆட்டம் தொடங்குமுன் நடுவர் இருவரும் களத்தின் நடுவே சென்று நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். குனிந்து தரையைத் தொட்டுப் பார்க்கின்றனர். ஈரம் உண்டா என ஆராய்கின்றனர். நிமிர்ந்து வானத்தை நோக்குகின்றனர். மழை வருமா என எண்ணுகின்றனர். பெரிய ஆட்டங்களில் மாலை வெளிச்சம் மங்கினால் அதை அளக்கும் கருவியைக் கையில் எடுக்கின்றனர். தரை, மழை, ஒளி ஆகிய மூன்றும் அவர்தம் கணக்கில் உண்டு. ஆட்டக்காரர் அனைவரும் நாள் முழுதும் ஓயாமல் உள்ளிழுக்கும் காற்றுக்கு மட்டும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் இடமில்லை.

காரணம் எளிது. ஈரம் கைக்குத் தெரிகிறது. இருள் கண்ணுக்குத் தெரிகிறது. காற்றில் கலந்த நஞ்சோ பல நாள்களில் இரண்டுக்கும் தெரிவதில்லை. தெரியாத ஒன்றை இல்லாத ஒன்று எனக் கொள்வது மனித இயல்பு. விடுமுறை நாள் வந்தால் மட்டையும் பந்துமாகக் களம் இறங்குகின்ற நாம் இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலமன்றோ?

டில்லியில் நடந்தது

2017-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், டில்லி ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. மறுநாள், உணவு இடைவேளைக்குப் பின், இலங்கை வீரர் பலர் முகத்தில் கவசம் அணிந்து களத்தில் நின்றனர். குளிர்காலத்து டில்லியில் பனியும் புகையும் ஒன்றாகக் கலந்து ஊரை மூடுவது வழக்கம்; அன்றும் அத்தகைய மூட்டமே. ஆட்டம் இடையிடையே நின்றது. ஒருமுறை ஏறத்தாழ 17 நிமிடங்கள் நின்றது. வேகப்பந்து வீச்சாளர் லஹிரு கமகே மூச்சுத் திணறிக் களத்தைவிட்டு வெளியேறினார். மற்றொரு வேகப்பந்து வீச்சாளரான சுரங்க லக்மல் வாந்தி எடுத்தார், அவரும் வெளியேறினார். களத்தில் நிற்கப் போதிய ஆள் இல்லாத நிலை உண்டாயிற்று. இறுதியில் இந்தியத் தலைவர் விராட் கோலி, 7 விக்கெட்டுக்கு 536 ஓட்டங்கள் என்ற நிலையில் ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தார்.

அரங்கில் இருந்தோரிற் பலர் இலங்கையரை எள்ளி நகையாடினர். ஓட்டக் குவிப்பைத் தடுக்கவே நடிக்கிறார்கள் என்றனர். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் அப்போதைய தற்காலிகத் தலைவரும் ஒரு கேள்வி எழுப்பினார். அரங்கில் இருந்த இருபதினாயிரம் பேருக்கு ஒன்றும் நேரவில்லை. இந்திய அணிக்கும் ஒன்றும் நேரவில்லை. இலங்கையர்க்கு மட்டும் ஏன் இத்தனை ஆரவாரம் என்பதே அவர் கேட்டதன் கருத்து.

கேள்வி கேட்பதில் தவறில்லை. விடையும் அடுத்த நாள்களிலேயே வந்தது. டிசம்பர் 5-ஆம் நாள், இந்தியா பந்து வீசிக்கொண்டிருந்தபோது, நம் வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமியும் களத்திலேயே வாந்தி எடுத்தார். நஞ்சுக்கு நாட்டுப் பற்று கிடையாது. மட்டையைப் பிடித்திருப்பவர் யார், பந்தை எடுத்து ஓடுபவர் யார் என்பதே அதற்குக் கணக்கு.

இருபதினாயிரம் பேரும் ஒரு பந்து வீச்சாளரும்

அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். விரைந்து ஓடும்போது அது 60 லிட்டரைக் கடக்கும். நன்கு பயின்ற விளையாட்டு வீரர் கடுமையாக உழைக்கையில் 100 லிட்டருக்கு மேலும் செல்லும். அரங்கில் அமர்ந்து நிலக்கடலை கொறிப்பவரும், களத்தில் ஓடிவந்து பந்து வீசுபவரும் ஒரே காற்றில்தான் இருக்கின்றனர். ஆயினும் முன்னவர் ஒரு குவளை அருந்தும் நேரத்தில் பின்னவர் பத்துக் குவளை அருந்திவிடுகிறார். குவளையில் இருப்பது நஞ்சாயின், இருவருக்கும் ஒரே விளைவை எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

இது முதற் காரணம். இரண்டாவது காரணம் வாய். அமைதியாக இருக்கையில் நாம் மூக்கால் மூச்சு விடுகிறோம். மூக்கிலுள்ள மயிரும் ஈரமும் தூசியை ஓரளவு தடுத்து நிறுத்துகின்றன. இளைக்க இளைக்க ஓடும்போதோ வாய் திறந்துகொள்கிறது; வாயிலில் நின்ற காவலனைக் கடந்து காற்று நேரே உள்ளே புகுகிறது. மூன்றாவது காரணம் ஆழம். ஓடுபவரின் மூச்சு ஆழமானது. அது நுரையீரலின் கடைக்கோடி அறைகள்வரை செல்கிறது.

காற்றில் மிதக்கும் துகள்களை அவற்றின் பருமன் கொண்டு வகுப்பர். 10 மைக்ரானும் அதற்குக் குறைவும் ஆனவை பி.எம். 10, 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும் ஆனவை பி.எம். 2.5. நம் தலைமயிர் ஒன்றின் பருமனில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. பெரிய துகள்களிற் பல மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். இருமலும் தும்மலும் அவற்றை வெளியேற்றும். நுண்துகள்களோ நுரையீரலின் நுண்ணறைகளை அடைகின்றன. அவற்றுள் மிகச் சிறியன குருதியிலும் கலக்கின்றன. இவற்றோடு வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக் குழலை எரிக்கிறது. கார்பன் மோனாக்சைடு குருதியில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தைப் பறித்துக்கொள்கிறது. வெயில் ஏறியபின் வண்டிப் புகையும் கதிரொளியும் கூடி ஓசோனை உண்டாக்குகின்றன. வானத்து உச்சியில் நம்மைக் காக்கும் ஓசோன், தரையருகே நம் நெஞ்சை இறுக்குகிறது.

கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல், நெஞ்சு இறுக்கம், தலைவலி, குமட்டல் ஆகியவை உடனே தோன்றும் அறிகுறிகள். ஆஸ்துமா எனப்படும் ஈளை நோய் உடையவர்க்கு இஃது உயிருக்கே இடராகலாம். நெடுநாள் விளைவு இதயத்தையும் நுரையீரலையும் தாக்குகிறது. வெளிக்காற்று மாசினால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 42 இலட்சம் பேர் காலத்திற்கு முன்னரே இறந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

கிரிக்கெட் சட்டம் இதற்கு வழியே விடவில்லை எனக் கூற இயலாது. தரை, வானிலை, ஒளி அல்லது சிறப்பான சூழ்நிலை எதனாலேனும் ஆட்டம் ஆபத்தானது என நடுவர் இருவரும் கருதினால் ஆட்டத்தை நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதிகாரம் இருக்கிறது, ஆனால் காற்று எந்த அளவைக் கடந்தால் நிறுத்துவது என்ற எண் அச்சட்டத்தில் இல்லை. டில்லி நிகழ்ச்சிக்குப் பின்னர் இந்திய மருத்துவச் சங்கம் இக்குறையையே சுட்டிக்காட்டியது. மழையும் மங்கிய ஒளியும் கருதப்படுவதுபோல் காற்று மாசும் கருதப்படவேண்டும் என அது கேட்டுக்கொண்டது.

நிறுத்திய சான்றுகளும் உண்டு. 2016 நவம்பரில் டில்லியில் நடக்கவிருந்த இரண்டு ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள் புகைமூட்டத்தால் கைவிடப்பட்டன. வங்காளமும் குஜராத்தும் ஓரிடத்தில், ஐதராபாத்தும் திரிபுராவும் மற்றோரிடத்தில் ஆடவேண்டியவை அவை. ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ பரவியிருந்த காலத்தில், 2019 டிசம்பர் 21-ஆம் நாள் கான்பெராவில் நடந்துகொண்டிருந்த ஆட்டம் ஒன்று புகையினால் பாதியில் கைவிடப்பட்டது. ஆட்டம் நின்றதால் வானம் இடிந்து விழவில்லை. ஒருவர் நுரையீரலும் கெடவில்லை.

பெங்களூர் டில்லி அன்று, எனினும்

"அதெல்லாம் டில்லிக் கதை, இது தோட்ட நகரம், இங்கே காற்றுக்கு என்ன குறை?" என நண்பர்கள் கேட்கக்கூடும். நம் ஊர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று ஓடுகிறது, மழை அடிக்கடி வந்து வானத்தைக் கழுவுகிறது. டில்லியின் கரும்புகை மூட்டம் இங்கு இல்லை. இவை யாவும் உண்மை. ஆனால் பதிவு பெற்ற வண்டிகளின் தொகை இந்நகரில் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது என்பதும் உண்மை. கட்டடத் தூசி, தெருவோரம் எரிக்கப்படும் குப்பை, சாலைப் புழுதி ஆகியன ஒருங்கு சேர்கின்றன. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் பெல்லந்தூர் ஏரிப் பகுதி தீப்பற்றிப் புகைந்ததை நாடே கண்டது. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், தரத்தை எட்டாத நகரங்களின் வரிசையில் பெங்களூரும் இடம் பெற்றது.

எண்களையும் பார்ப்போம். பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டரில் 40 மைக்ரோகிராமுக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது இந்திய வரம்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வரம்போ 5. நம் நகரம் இந்திய வரம்புக்கு உட்பட்டுத் தேர்ச்சி பெறும் ஆண்டிலும், உலக வரம்பைப் பல மடங்கு கடந்தே நிற்கிறது. நாற்பது மதிப்பெண் எடுத்துத் தேறியவர் தம்மை முதல் வகுப்பு என எண்ணிக்கொள்வது போன்றது நம் நிம்மதி.

கப்பன் பூங்காவை அடுத்து நிற்கும் சின்னசாமி அரங்கத்தை நாம் பெருமையுடன் காட்டுகிறோம். 1974 நவம்பரில் முதல் டெஸ்ட் ஆட்டம் கண்ட களம் அது. பெய்த மழை விரைவில் வடியும்படி நிலத்தடிக் குழாய்களால் நீரை உறிஞ்சும் அமைப்பும் அங்கு உண்டு. மழையை வெல்ல மனிதன் எவ்வளவு முயல்கிறான், பாருங்கள்! பல்கலைக்கழக மாணவரும் பேட்டைச் சிறுவரும் ஆடும் திறந்த வெளிகளோ பெரும்பாலும் சாலையோரத்தில் உள்ளன. சாலைக்கு மிக அருகே வண்டிப் புகை மிகுதி; தள்ளிச் செல்லச் செல்லக் குறையும். குளிர்காலத்து விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையை மேலெழ விடாமல் மூடிபோல் அழுத்துகிறது. நாமோ 'காலைக் காற்று தூயது' என்ற நம்பிக்கையோடு அந்த வேளையிலேயே பயிற்சிக்குச் செல்கிறோம்.

ஒரு நண்பரின் சொல்

சென்ற குளிர்காலத்தில் விடுதிகளுக்கிடையே நடந்த ஓர் ஆட்டம். நம் அணியின் வேகப்பந்து வீச்சாளர் நான்காவது ஓவரில் இருமிக்கொண்டே ஓடிவந்தார். "என்னப்பா, விக்கெட் விழலேன்னா இருமல் வந்துடுமா?" என்று எல்லைக் கோட்டருகிலிருந்து ஒரு குரல் எழுந்தது. எல்லோரும் சிரித்தோம், சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஓவரை முடித்துவிட்டு அவர் மரத்தடியில் போய் அமர்ந்தார். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினார். அரைமணி நேரம் நிமிர்ந்தே அமர்ந்திருந்தார். பிறகு என்னிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "மூச்சு வாங்குறது வேறடா, மூச்சு வராதது வேற."

டில்லி அரங்கில் எள்ளியவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? பந்து பட்டுக் குருதி வழிந்தால் ஓடிச்சென்று தாங்குகிறோம். மூச்சுத் திணறினால் நடிப்பு என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத காயமும் காயமே.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, ஆட்டத்திற்கு முன் காற்றின் அளவைப் பார்த்தல் வேண்டும். ஹெப்பால், ஜெயநகர், பீனியா, சில்க் போர்டு முதலிய இடங்களில் அளவு நிலையங்கள் உள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' என்னும் செயலியில் அவற்றின் கணக்கைக் கைப்பேசியிலேயே காணலாம். காற்றுத் தரக் குறியீடு 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை என அரசு வகுத்துள்ளது. என் கருத்து இது: 100-க்குள் இருப்பின் ஆடுவோம், 100-க்கு மேல் 200 வரை எனில் வேகப்பந்து வீச்சாளரை இரண்டு ஓவருக்கு ஒருமுறை மாற்றி, நீர் இடைவேளையைக் கூட்டி ஆடுவோம், 200-ஐக் கடந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைப்போம். இதை ஆட்டத்திற்கு முன்னரே இரு தலைவரும் நடுவரும் ஒப்புக்கொள்ளுதல் நன்று. தோற்கும் வேளையில் பேசினால் அது வழக்காகிவிடும்.

இரண்டாவதாக, ஈளை நோய் உடையவர் அதைத் தலைவரிடம் மறைத்தல் ஆகாது. இன்ஹேலர் அறையிலன்று, களத்தருகே இருத்தல் வேண்டும். ஒருவர் திணறினால் உடனே ஆட்டத்தை நிறுத்தி அவரை நிமிர்த்தி அமரச் செய்க; படுக்க வைக்கற்க. மருந்துக்குப் பின்னும் தணியாவிடில், பேச்சே தடுமாறினால், தாமதியாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

மூன்றாவதாக, துணிக் கவசத்தை நம்பற்க. அது நுண்துகளைப் போதிய அளவு தடுப்பதில்லை; தடுக்கவல்ல என்.95 கவசத்தை அணிந்து விரைந்து ஓடுவதோ கடினம். கவசம் அணிந்துதான் ஆடவேண்டும் என்ற நிலை வந்தால், ஆடாதிருப்பதே அறிவு.

நான்காவதாக, நம் களத்தின் காற்றை நாமே கெடுக்காதிருப்போம். எல்லைக் கோட்டருகே வண்டிகளை இயங்கவிட்டு நிறுத்துவதும், உதிர்ந்த இலைகளைக் குவித்து எரிப்பதும் நம் கையால் நடப்பவை. வறண்ட தரைக்குச் சிறிது நீர் தெளித்தால் புழுதி அடங்கும். அந்தப் புழுதியை நாம் வாரம் ஒருநாள் உண்கிறோம். களத்தைப் பெருக்கிச் சீர் செய்யும் பணியாளர் நாள்தோறும் உண்கிறார் என்பதையும் மறவாதிருப்போம்.

நண்பர்களே, பெரிய வாரியங்கள் எண்ணை வகுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. நம் விடுதி ஆட்டத்திற்கு நாமே வாரியம், நாமே நடுவர். அடுத்த முறை நாணயத்தைச் சுண்டுமுன் தரையைத் தொட்டுப் பார்ப்போம். வானத்தை நிமிர்ந்து பார்ப்போம். கைப்பேசியை எடுத்துக் காற்றையும் பார்ப்போம். களத்தில் ஒருவர் "மூச்சு வரவில்லை" என்றால், வெற்றி தோல்வியைச் சற்று ஒதுக்கிவைத்து, அவர் சொல்லை முதலில் நம்புவோம்.