சிறு பிள்ளைகளுடன் ஒரு நாள் பயணம்

பயணம் வெளிக்கிட்டால் ஒரே நாளில் எல்லா இடங்களையும் பார்த்துவிட விரும்புகிறோம். களைத்த பிள்ளை அழுகிறது, நாம் அடிக்கிறோம். பிழை நமது திட்டத்தில்தான்.

திருகோணமலைக்குப் போவதாகக் கொள்வோம். கிழக்குக் கடல் மே முதல் செப்ரெம்பர் வரை பொதுவாக அமைதியாயிருக்கும், மாரியில் கொந்தளிக்கும். ஆகவே முதலில் மாதத்தைத் தீர்மானிப்போம். காலையில் கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறுகளிலும் சூடு வேறுபடும். கைவைத்துப் பார்த்தபின்பே பிள்ளைக்கு வார்க்க வேண்டும். மதிய வெயிலில் மரநிழலில் உணவும் உறக்கமும். மாலையில் நிலாவெளிக் கடற்கரை. பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும்.

கொதித்தாறிய நீரும் மாற்றுடையும் பையில் இருக்கட்டும். வயிற்றோட்டம் ஏற்பட்டால் உடன் கொடுக்க ஜீவனியும் தேவை.

இரண்டு இடங்கள் போதும். மூன்றாவதை அடுத்த வருடத்துக்கு விட்டுவிடுவோம்.